பாவும் நூலும் நீங்கலாக

பின் வீதி, எடப்பாடி
3.11.2025
(விரைவுத் தபால், ஒப்புதல் அட்டையுடன்)

திருமதி தெய்வநாயகி சென்னிமலை அவர்களுக்கு,

அருணகிரி எழுதுவது. வீட்டை இரண்டாகப் பிரித்து முன்பாதியை நீங்களும் பின்பாதியை நானும் எடுத்துக்கொண்ட பிறகு, நமக்குள் பேச்சு நின்று மூன்று வருடம் நான்கு மாதம் ஆகிறது. அண்ணன் தங்கை என்ற உறவைப் புதுப்பிக்க இதை எழுதவில்லை. ஓர் அனுமதி தேவைப்படுகிறது. சட்டப்படி அதை உங்களிடம்தான் பெற வேண்டியிருக்கிறது. அவ்வளவுதான்.

கோயம்புத்தூரில் ஒரு நிறுவனம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இணையம் வழியாக இயற்பியல் நடத்த என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. தினமும் மாலை நான்கிலிருந்து ஆறு வரை. வீட்டிலிருந்தே நடத்தலாம். ஒரே நிபந்தனை, இணைப்பு சரியாக இருக்க வேண்டும். 24ஆம் தேதி திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்குச் சோதிக்கிறார்கள். நாற்பது நிமிடம் படமும் குரலும் ஒருமுறைகூட அறுபடக் கூடாது. அறுந்தால் அந்த இடம் அடுத்த ஆளுக்குப் போகும். கல்லூரியில் என் துறையை மூடி, எனக்கு ஒரு சால்வையும் மற்றவர்களுக்கு வேறு துறையில் வேலையும் கொடுத்து இரண்டு வருடம் ஆகிறது. அதன்பின் எனக்கு வந்திருக்கும் முதல் அழைப்பு இது. ஐம்பத்து மூன்று வயதில் இரண்டாவது வரும் என்று நம்ப நான் முட்டாள் இல்லை.

முதலில் கம்பியில்லா இணைப்பைத்தான் வாங்கினேன். யாரிடமும் எதுவும் கேட்க வேண்டாம் என்பதே அதன் சிறப்பு. மொட்டைமாடியில் ஒரு வெள்ளைப் பெட்டியை வைத்துவிட்டுப் போனார்கள். அலை அனுப்பும் கோபுரம் உங்கள் வீட்டுத் திசையில் இருக்கிறது. பெட்டிக்கும் கோபுரத்துக்கும் நடுவே உங்கள் கணவர் தறிப்பட்டறைக்குப் போட்ட தகரக் கூரை நிற்கிறது. அலை அதில் முட்டி வந்த வழியே போகிறது. பதினெட்டு வருடம் தொலைத்தொடர்புப் பாடம் நடத்தியவன் நான். கூரை போடும்போது ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

ஒத்திகை பார்த்தோம். என் மனைவி சித்ரா அடுப்படியில் கைபேசியோடு மாணவியாக உட்கார்ந்தாள். நான் ஓம் விதியைச் சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாய் திரையில் பதினேழு விநாடி அப்படியே நின்றதாம். சித்ரா அதைப் படமெடுத்து வைத்திருக்கிறாள். அழிக்கச் சொல்லியும் அழிக்கவில்லை.

ஆகவே கம்பி இணைப்புதான் என்று முடிவு செய்திருக்கிறேன். கம்பியில்லாதது வாக்குக் கொடுக்கும், கம்பி வேலை செய்யும். கேபிள்காரர் அன்பழகன் வந்து பார்த்தார். பின் வீதியில் கம்பம் இல்லை. முன் வீதியில் உங்கள் வாசலில்தான் இருக்கிறது. அங்கிருந்து உங்கள் மாடி மேலாக என் மாடிக்கு அறுபது அடி ஒயர் வர வேண்டும். இக்கடிதம் கண்ட ஏழு நாட்களுக்குள் எழுத்துமூலம் அனுமதி தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மு. அருணகிரி


முன் வீதி, எடப்பாடி
6.11.2025
(தபால்காரர் கையில் கொடுத்தனுப்புவது)

அண்ணனுக்கு,

தெய்வநாயகி எழுதிக்கொள்வது. கடிதம் கிடைத்தது. தபால்காரர் மாதேஸ்வரன் என்னிடம் கையெழுத்து வாங்கும்போது கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஏனுங்க, இது பின்னால ஊட்டு வாத்தியார் போட்டதுங்களா? செவுத்துக்கு அந்தப் பக்கம் எழுதுனது, சூரமங்கலம் போயி ரயிலெல்லாம் பாத்துட்டு வந்திருக்குதுங்க” என்றார். ஒன்பது அங்குலச் சுவரைத் தாண்ட உங்கள் கடிதத்துக்கு மூன்று நாள் ஆகியிருக்கிறது. இதில் எங்கள் தகரக் கூரைக்கு ஒரு பங்கும் இல்லை.

வேலை கிடைத்தது சந்தோஷம். நிஜமாகத்தான் சொல்கிறேன்.

ஆனால் அனுமதி எப்படித் தருவது என்று தெரியவில்லை. பாகப்பிரிவினைப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தேன். பதினோராம் ஷரத்து. அது நீங்களே எழுதிக் கொடுத்தது, பத்திரக்காரர்கூட இவ்வளவு வேண்டாம் என்றார். அப்படியே எழுதுகிறேன்:

‘கம்பி, கயிறு, கொடி, குழாய் இன்னபிற எதனையும் ஒரு பாகத்தார் மற்றொரு பாகத்தாரின் இடத்தின் மீதோ, அடியிலோ, ஆகாயத்திலோ எக்காலத்திலும் எக்காரணம் கொண்டும் கொண்டுசெல்லலாகாது, தொழில் நிமித்தமான பாவும் நூலும் நீங்கலாக.’

கடைசி வரியை, தறிக்கு நீளவாக்கில் ஓடுகிற பாவு தடைபடக் கூடாது என்று, என் வீட்டுக்காரர் அடம்பிடித்துச் சேர்த்தார். மற்றதெல்லாம் உங்கள் கைவண்ணம். எங்கள் டிவி ஒயர் உங்கள் மாடி ஓரமாகப் போனது என்று நீங்களே கத்தரிக்கோல் எடுத்துவந்து வெட்டினீர்களே, அதற்கு அடுத்த வாரம் எழுதியது. அன்றைக்கு நான் பார்த்துக்கொண்டிருந்த தொடரில் மாமியார் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தாள். என்ன சொன்னாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. திறந்த வாயைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததும் அதுதான் ஞாபகம் வந்தது.

இன்னொன்று. நீங்கள் எழுதியிருப்பது கேட்டதுபோல இல்லை, வக்கீல் நோட்டீஸ் போல இருக்கிறது. நேரில் வந்து ஒரு வார்த்தை கேளுங்கள். இரண்டு முக்குத் திரும்பினால் எங்கள் வாசல்.

தங்கை,
தெய்வநாயகி


பின் வீதி, எடப்பாடி
8.11.2025
(விரைவுத் தபால்)

தெய்வநாயகிக்கு,

‘நீங்கள்’ என்று எழுதினால் நோட்டீஸ் என்கிறாய். ஆகவே ‘நீ’ என்றே எழுதுகிறேன். இதைச் சலுகையாக எடுத்துக்கொள்ள வேண்டாம், வாக்கியம் சிறியதாகிறது.

நேரில் வருவதற்கில்லை. கடைசியாக நேரில் வந்தது உன் புதுமனை புகுவிழாவுக்கு. அழைப்பிதழில் என் பெயர் மூன்றாவதாக இருந்தது. முதலில் வங்கி மேலாளர். இரண்டாவது நூல் மில் ஏஜென்ட். பெண்ணோடு பிறந்தவன் நூல் ஏஜென்ட்டுக்குக் கீழே. நான் அதைப் பெரிதுபடுத்துகிறவன் இல்லை. அழைப்பிதழை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

ஷரத்துக்கு வருகிறேன். அதை எழுதியவன் என்ற முறையில் அதன் பொருள் எனக்குத் தெரியும். கம்பி கூடாது என்றுதான் இருக்கிறது. நான் கேட்பது கம்பியே அல்ல. பேச்சுக்கு ஒயர் என்கிறோம். உள்ளே செம்பும் இல்லை, அலுமினியமும் இல்லை. இருப்பது தலைமுடி கனத்தில் ஒரு கண்ணாடி இழை. அதன் வழியே ஒளி போகிறது. அதனால்தான் அதற்கு பைபர் என்று பெயர். பைபர் என்றால் என்ன என்று உன் கணவரிடம் கேள். பஞ்சும் நூலுமாகப் பிழைக்கிறவருக்கு அதைவிட நன்றாக யாருக்குத் தெரியும். இழை என்பது நூல். இயற்பியல் நடத்துவது என் தொழில். ஆகவே இது தொழில் நிமித்தமான நூல். உன் கணவர் அடம்பிடித்துச் சேர்த்த அதே வரியின்படி எனக்கு உரிமை இருக்கிறது. நான் அனுமதி கேட்டதுகூட மரியாதைக்காக என்றே வைத்துக்கொள்ளலாம்.

சோதனைக்குப் பதினாறு நாள் இருக்கிறது. ஒயர் இழுக்க ஒரு முழு நாள் வேண்டும் என்கிறார் அன்பழகன். காலம் கடத்தாதே.

மு. அருணகிரி


முன் வீதி, எடப்பாடி
13.11.2025
(தபால்காரர் கையில் கொடுத்தனுப்புவது)

அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை என் வீட்டுக்காரருக்குப் படித்துக் காட்டினேன். இரண்டு தரம் படிக்கச் சொன்னார். சண்டை என்றால் அவர் எழுந்து போய்விடுவார், இது நூல் விஷயம் என்பதால் உட்கார்ந்துவிட்டார். அன்பழகனை வரச்சொல்லி அதே ஒயரில் ஒரு சாண் வாங்கினார். பட்டறையில் வைத்து பிளேடால் உரித்தார். துணியில் அங்குலத்துக்கு எத்தனை இழை என்று எண்ணுகிற லென்ஸை வைத்துப் பார்த்தார். தறிக்காரர்கள் எல்லாரும் தறியை நிறுத்திவிட்டுச் சுற்றி நின்றார்கள்.

“அறுவதாம் நம்பர் நூல் கனம் இருக்குது” என்றார். எனக்கும் உங்கள் பக்கம் நியாயம் இருப்பதுபோலத் தோன்றியது. அப்புறம் அதை விரலில் உருட்டிப் பார்த்தார். “ஆனா முறுக்கு இல்லியே. முறுக்கு இல்லாதத எப்படி நூலுங்கறது?” என்றார். ஒடித்துப் பார்த்தார். பொட்டென்று ஒடிந்தது. முடி போடவும் வராது. அறுந்தால் முடி போட முடியாததை நூல் என்று எந்த நெசவாளியும் ஒப்ப மாட்டான் என்று எல்லாரும் ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள்.

அதையும் விடுங்கள். அந்தக் கண்ணாடி இழைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, இரண்டு இரும்புக் கம்பி இருக்கிறது. ஒயர் தொங்காமல் இருப்பதற்காம். அன்பழகனே சொன்னார். ஆக, நூலாகவே வைத்துக்கொண்டாலும் இரண்டு கம்பிக்கு நடுவில் ஒரு நூல். பதினோராம் ஷரத்து அதற்கு என்ன சொல்கிறது என்று எழுதியவர்தான் சொல்ல வேண்டும்.

பத்திரத்தை எடுத்ததால் இன்னொன்றும் கண்ணில் பட்டது. ‘ஆகாயத்திலோ’ என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் வீட்டில் இரண்டு வருடமாக பைபர் இணைப்பு இருக்கிறது. அதன் வைஃபை உங்கள் அடுப்படி வரைக்கும் ஆகாய மார்க்கமாக வருகிறது. அண்ணி அதில்தான் சமையல் வீடியோ பார்க்கிறார். நான்தான் பாஸ்வேர்டு கொடுத்தேன். சுவர் வழியாக நாங்கள் தினமும் பேசுகிறோம். உங்கள் ஒத்திகையில் அண்ணி மாணவியாக உட்கார்ந்ததும் எங்கள் வைஃபையில்தான். அதனால்தான் உங்கள் வாய் நின்றது உங்களுக்குத் தெரியவில்லை, அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது.

அண்ணியைத் திட்டாதீர்கள். போன மாதம் நீங்கள் பாராட்டிய காளான் குழம்பு அதில் வந்ததுதான்.

வந்து கேளுங்கள். அவ்வளவுதான் நான் சொல்வது.

தெய்வநாயகி


பின் வீதி, எடப்பாடி
15.11.2025
(விரைவுத் தபால்)

தெய்வநாயகிக்கு,

இரண்டு வருடம் என் வீட்டுக்குள் உன் வீட்டு அலை வந்து போயிருக்கிறது. என் மனைவிக்குத் தெரியும், உனக்குத் தெரியும், தபால்காரருக்கும் தெரிந்திருக்கும். தொலைத்தொடர்புப் பாடம் நடத்தியவனுக்கு மட்டும் தெரியவில்லை. சித்ராவைக் கேட்டேன். “ஏனுங்க, காத்துல வாரத நான் என்ன கரண்டியிலயா தடுக்கறது?” என்றாள். உடனே அணைக்கச் சொன்னேன். அணைத்துவிட்டாள். இரண்டு நாளாக ரசத்தில் உப்பு இல்லை. கேட்டால் வீடியோ பார்க்காமல் அளவு தெரியவில்லை என்கிறாள். திருமணமாகி இருபத்து நான்கு வருடம் ஆகிறது.

இரும்புக் கம்பி விஷயத்தில் நான் சறுக்கியது உண்மை. ஒப்புக்கொள்கிறேன். ஒயரைத் தறிக்காரர்கள் நடுவில் வைத்து உரித்தது தேவையில்லாதது. அவர்களில் இரண்டு பேர் என்னிடம் படித்தவர்கள்.

வேறு வழியும் பார்த்தேன். வெள்ளைப் பெட்டியை இருபத்தைந்து அடி மூங்கிலில் கட்டித் தகரத்துக்கு மேலே தூக்கினேன். மூன்று விளக்கும் பச்சையாக எரிந்தன. அரை மணி நேரம் இந்த உலகத்தில் யாருடைய தயவும் எனக்குத் தேவைப்படவில்லை. பிறகு காற்று வந்தது. மூங்கில் ஆடும் பக்கமெல்லாம் படமும் ஆடியது. பின் ஒரு காகம் பெட்டி மேல் வந்து உட்கார்ந்தது. ஒரு விளக்கு அணைந்தது. இரண்டாவது காகத்துக்கு இன்னொன்று. இப்போது மூங்கில் சாய்ந்து சுவர் மேல் கிடக்கிறது. உன் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டடியை நாளை அறுத்துவிடுகிறேன். மூங்கில் ‘இன்னபிற’வில் வரும்.

நேரில் வந்து கேள் என்கிறாய். ஏன் வருவதில்லை என்று உனக்குத் தெரியாதா. மேச்சேரியில் நம் சித்தப்பாவின் கருமாதி. பந்தியில் எனக்கு எதிர்வரிசையில் உன் கணவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இருந்தவரிடம், என் காதில் விழும்படி, “மச்சான் சும்மாதான இருக்கறாரு” என்றார். என் துறையை மூடி இருபது நாள்கூட ஆகவில்லை. இலையை மூடிவிட்டு எழுந்தேன். அதற்கு முன்பு உன்னோடு பேசாமல் இருந்தது கோபத்தால். அதற்குப் பிறகு வேறு.

எனக்கு இந்த வேலை எதற்கு என்று இப்போது புரிகிறதா. சம்பளத்துக்காக மட்டும் என்று நினைத்துவிடாதே. நான்கு மணி ஆனால் எனக்காக எங்கேயோ பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். தினமும் நான்கு மணி ஆகிறது. இப்போது நான் கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்க வேறு பக்கம் திரும்பி உட்காருகிறேன்.

தர இயலாது என்றால் ‘மறுக்கிறேன்’ என்று ஒரே வார்த்தை எழுதி அனுப்பு. நிறுவனத்துக்குச் சொல்லி விலகிக்கொள்கிறேன்.

அருணகிரி


முன் வீதி, எடப்பாடி
21.11.2025
(விரைவுத் தபால்)

அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் புதன்கிழமை வந்தது. இரண்டு நாள் பதில் எழுத வரவில்லை. பாவு ஏற்றுகிற வேலை இருந்தது என்று சொல்லலாம். அது காரணம் இல்லை.

மேச்சேரியில் என்ன சொன்னார் என்று அவரையே கேட்டேன். முதலில் ஞாபகம் இல்லை என்றார். இலையை மூடியதைச் சொன்னதும் ஞாபகம் வந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர், உன் மகள் சௌந்தர்யாவுக்கு பிசிக்ஸ் வரவில்லையாமே, டியூஷனுக்கு எங்கே அனுப்புகிறாய் என்று கேட்டிருக்கிறார். இவர் சொன்னது, “மச்சான் சும்மாதான இருக்கறாரு. போயிக் கேக்கத்தான் நமக்கு வாயில்ல.” நீங்கள் முதல் பாதியிலேயே இலையை மூடிவிட்டீர்கள். இரண்டாவது பாதியை ரசத்துக்கு அப்புறம் சொன்னாராம்.

சௌந்தர்யா இரண்டு வருடமாக பஸ் ஏறி டியூஷனுக்குப் போய் வருகிறாள். தாய்மாமன் இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு, கடிகாரத்தைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பியிருக்கிறார். எனக்கும் கோபம் உண்டு அண்ணா. அழைப்பிதழை எடுத்து வைக்கவில்லை, அவ்வளவுதான்.

நேரில் வரச்சொன்னது உங்களைக் குனிய வைக்க இல்லை. நான் வந்தால் நீங்கள் கதவைத் திறக்க மாட்டீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் வந்தால் நான் திறப்பேன் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் அப்படிக் கேட்டேன்.

சரி. பாகப்பிரிவினைப் பத்திரம் பதினோராம் ஷரத்து எப்படி இருந்தாலும், என் அண்ணன் அருணகிரி என் மாடி மேலாக ஒயர் கொண்டுபோகச் சம்மதிக்கிறேன். கம்பியோ நூலோ, முறுக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும். என் வீட்டுக்காரரும் கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

அண்ணியிடம் சுவர் வழியாகக் கொடுத்துவிடலாம் என்று பார்த்தேன். முறைப்படி வரவில்லை, செல்லாது என்பீர்கள். அதனால் உங்களைப்போலவே தபாலில் போடுகிறேன்.

தெய்வநாயகி
சென்னிமலை


பின் வீதி, எடப்பாடி
28.11.2025
(சித்ரா கையில் கொடுத்தனுப்புவது)

அம்மிணிக்கு,

திங்கட்கிழமை நடந்ததை வீதி முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாய் என்று கேள்விப்படுகிறேன். சொல்வதில் ஆட்சேபம் இல்லை. ஆனால் சில தவறுகள் இருக்கின்றன. திருத்த விரும்புகிறேன்.

நான் கணினியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்ததாகச் சொல்கிறாயாம். ஓடவில்லை. உன் சம்மதக் கடிதம் சனி, ஞாயிறு தாண்டித் திங்கள் காலை பத்து இருபதுக்கு வந்தது. அன்பழகனுக்கு ஒயர் இழுக்க ஒரு நாள் வேண்டும். எனக்கு இருந்தது நாற்பது நிமிடம். கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். எல்லாம் முடிந்தது என்று சித்ராவிடம் சொன்னேன். அவள் கணினியின் பின்னால் இருந்த ஒயர்களைப் பிடுங்க ஆரம்பித்தாள். “ஒயரு இங்க வராட்டி என்னங்க, நாம ஒயருகிட்டப் போலாம். எந்திரிங்க” என்றாள். பதினெட்டு வருடம் பாடம் நடத்தியும் எனக்குத் தோன்றாதது. ஆகவே நான் கணினிப் பெட்டியைத் தூக்கினேன், அவள் திரையைத் தூக்கினாள். கையெழுத்துக்காக நின்றுகொண்டிருந்த மாதேஸ்வரனிடம் விசைப்பலகை தானாகப் போய்ச் சேர்ந்தது. இரண்டு முக்கும் திரும்பி, வேகமாக நடந்து வந்தோம். அவ்வளவே.

அடுத்து, உன் வாசலில் நான் தயங்கி நின்றதாகச் சொல்கிறாய். தயங்கவில்லை. தட்டினேன். மூன்று தரம் தட்டினேன். உள்ளே பன்னிரண்டு தறி ஓடும்போது யாருக்குக் கேட்கும். பெட்டி கனமாக இருந்ததால் முகம் அப்படி இருந்தது.

மாப்பிள்ளையைப் பற்றி நீ சொல்வதில் தவறு ஒன்றும் இல்லை. என்னைப் பார்த்ததும் என்ன ஏது என்று கேட்காமல் போய்ப் பட்டறை மெயினை அணைத்தார். பன்னிரண்டு தறியும் ஒரே நேரத்தில் நின்றால் அப்படி ஒரு அமைதி வரும் என்று எனக்குத் தெரியாது. “வாங்க மச்சான்” என்றார். நான் பதிலுக்கு, ரவுட்டர் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். வேறு ஏதாவது கேட்டிருக்கலாம். நாக்கு அதற்குத்தான் திரும்பியது.

முக்கியமான திருத்தம், சோதனையின் நடுவில் நான் பயந்துபோய்ப் பேச்சு நின்றுவிட்டதாக நீ சொல்வது. நடந்தது உனக்கே தெரியும், நீ கதவோரம்தான் நின்றாய். முப்பத்தைந்து நிமிடம் எல்லாம் சரியாகப் போனது. படம் அசையவில்லை. கரும்பலகைபோலத் தெளிவு. சோதித்த பெண் ஸ்ரீதேவி, அவளும் நம் பக்கத்து ஆள்தான் போலிருக்கிறது, கடைசியாக விவரம் சரிபார்த்தாள். “சார், கனெக்ஷன் தெய்வநாயகிங்கற பேர்ல இருக்குதுங்க. அவங்க உங்களுக்கு என்ன வேணுமுங்க?”

எளிய கேள்வி. பதிலும் ஒரு வார்த்தைதான். மூன்று வருடமாக நான் அந்த வார்த்தையை வாயால் சொன்னதில்லை. பத்திரத்தில் எழுதியிருக்கிறேன், ‘மேற்படியாரின் உடன்பிறந்த’ என்று. சொன்னதில்லை. வாயைத் திறந்தேன். வரவில்லை. அவள் சற்று நேரம் பார்த்துவிட்டு, “சார், லைன் கட் ஆயிருச்சுங்களா? படம் நின்னுபோச்சுங்க” என்றாள். கீபோர்டில் ஏதோ தட்டுவது கேட்டது. குறித்துக்கொள்கிறாள் என்று புரிந்தது. படம் நிற்கவில்லை. நான்தான் நின்றிருந்தேன்.

“தங்கச்சிங்க. என் தங்கச்சி” என்றேன். தேவைக்குமேல் சத்தமாகச் சொல்லிவிட்டேன். சித்ரா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். மாதேஸ்வரன் இன்னும் எதற்காக அங்கே நின்றுகொண்டிருந்தார் என்று தெரியவில்லை.

இன்று காலை நிறுவனத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. தேர்ச்சி. குறிப்பில், இணைப்பு மிக நன்று, ஓரிடத்தில் சில விநாடி தடங்கல், தொழில்நுட்பக் காரணமாக இருக்கலாம் என்று எழுதியிருக்கிறார்கள். மறுப்புத் தெரிவிக்கவில்லை. குரல் சற்றுக் கடுமை, பிள்ளைகளிடம் குறைத்துக்கொள்ளவும் என்றும் இருக்கிறது. அதற்கு மறுப்பு எழுதி வைத்திருக்கிறேன், இன்னும் அனுப்பவில்லை.

கீழே இன்னொரு வரி. சோதித்த இணைப்பு, சோதித்த முகவரி, அதிலிருந்துதான் வகுப்பு நடத்த வேண்டும். மாற்ற வேண்டுமானால் ஆறு மாதம் கழித்துப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். அதாவது, உன் மாடி மேல் ஒயர் கொண்டுபோக நீ கொடுத்த சம்மதம் இப்போது எனக்குப் பயன்படாது. எனக்கு வேண்டியது ஒரு மேசையும், தினமும் இரண்டு மணி நேரமும், சத்தம் இல்லாத ஓர் இடமும். மூன்றும் உன் வீட்டில் இருக்கின்றன. மூன்றாவது இல்லை, அதை மாப்பிள்ளைதான் உண்டாக்க வேண்டும்.

சௌந்தர்யா பக்கத்தில் உட்கார்ந்து கேட்கலாம். கேமராவில் படாமல். இது பேரம் இல்லை. அவளுக்கு ஒளியியலிலா மின்னியலிலா, எதில் சிக்கல் என்று மட்டும் முன்கூட்டியே சொல்லி அனுப்பு.

இந்தக் கடிதத்தில் மேலே ஐந்து இடத்தில் அடித்திருப்பேன். எல்லா இடத்திலும் ஒரே வார்த்தையைத்தான் எழுதி எழுதி அடித்தேன். இப்போது அடிக்காமல் எழுதுகிறேன். கேட்கிறேன். திங்கட்கிழமை முதல் வரட்டுமா?

அருணகிரி


முன் வீதி, எடப்பாடி
29.11.2025

அண்ணனுக்கு,

எழுதியதை அண்ணி கையில் கொடுத்தனுப்பியதே போதும். அதற்குப் பதில் சொல்லவே இவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கிறேன், பாவு வேலை கிடக்கிறது.

இரண்டு மணி நேரம் தறி நின்றால் எப்படி என்று அவரிடம் கேட்டேன். அவர் காலையில் ஒரு மணி நேரம் முன்னதாக ஆரம்பித்து, இருட்டின பிறகு ஒரு மணி நேரம் கூட்டி ஓட்டுவதாக ஏற்கெனவே தறிக்காரர்களிடம் பேசிவிட்டார். உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே, எப்படியும் இங்கேதான் நடத்துவீர்கள் என்று பேசியிருக்கிறார். எனக்கே இன்றைக்குத்தான் தெரியும். தறிக்காரர்களில் உங்களிடம் படித்த இரண்டு பேரும் சரி என்றார்களாம். அதில் ஒருவர், சார் கிளாஸுன்னா சத்தம் இருக்கக் கூடாதுங்க, சாக்பீஸ் பறந்து வரும் என்றாராம்.

மேசை போட்டாயிற்று. ஜன்னலோரம் போட்டிருந்தோம். வெளிச்சம் முகத்துக்கு எதிரில் இருக்க வேண்டும் என்று சௌந்தர்யா மாற்றிவிட்டாள். அவளுக்கு ஒளியியலும் வரவில்லை, மின்னியலும் வரவில்லை. மொத்தமாகவே ஆரம்பியுங்கள்.

குரலைக் குறைக்க வேண்டாம். குறைத்தால் நீங்கள் பேசுகிற மாதிரியே இருக்காது.

நாலு மணிக்கு வகுப்பு என்றால் மூன்றே முக்காலுக்கு வருவீர்கள். தறி நாலு மணிக்குத்தான் நிற்கும். நீங்கள் எத்தனை தரம் தட்டினாலும் உள்ளே கேட்காதுங்க அண்ணா. தட்டாம வந்துருங்க.

தெய்வநாயகி